தெரு வாட்ஸ்அப் குழுவை நடத்துவது எப்படி? புதிய அட்மின்களுக்கு ஒரு கையேடு

குடியிருப்போர் நலச் சங்கத்தின் ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் போட்ட நாற்காலிகளில் பாதி காலியாகவே கிடக்கும். அதே சங்கத்தின் வாட்ஸ்அப் குழுவிலோ, பால் பாக்கெட் வருவதற்கு முன்பே நான்கு பேர் காலை வணக்கம் சொல்லியிருப்பார்கள். ஒருவர் முருகன் படம் போட்டிருப்பார். இன்னொருவர் நேற்றிரவு மின்தடை ஏன் என்று கேட்டிருப்பார். அதற்குப் பதில் வருவதற்குள் மூன்றாமவர் ஏதோ ஒரு மூலிகையின் மகிமையைப் பகிர்ந்திருப்பார். தண்ணீர் லாரி எப்போது வரும் என்பதிலிருந்து யார் வீட்டு நாய் யாரைத் துரத்தியது என்பது வரை, தெருவின் பொதுப்பேச்சு இன்று நடக்கும் இடம் அதுதான். அதை நடத்தும் பொறுப்பை யாரும் கேட்டு வாங்குவதில்லை. "உங்களுக்குத்தான் போன்ல எல்லாம் தெரியுமே சார்" என்று ஒரு வாக்கியத்தில் தலையில் கட்டிவிடுவார்கள். அப்படிக் கட்டப்பட்டவர்களுக்காகவே இது எழுதப்படுகிறது.

நல்லவர்கள் சேர்ந்தால் நல்ல குழு அமைந்துவிடும் என்று பலரும் நினைக்கிறார்கள். எனக்கு அந்த நம்பிக்கை இல்லை. கோயில் கும்பாபிஷேகத்தில் தோளோடு தோள் நின்று பந்தி பரிமாறிய இருவர், வண்டி நிறுத்தும் இடத்துக்காகக் குழுவில் எழுதிக்கொண்டதைப் படித்தவர்களுக்கு இது புரியும். அவர்கள் குணம் மாறவில்லை. பேசும் இடம் மாறியிருக்கிறது. எதிரே முகம் இல்லை, இருநூறு பேர் பார்க்கிறார்கள், பதிலைத் தள்ளிப்போட்டால் தோற்றதாகத் தோன்றுகிறது, வந்ததை அடுத்தவருக்கு அனுப்ப ஒரு விரல் போதும். இந்த நான்கும் சேர்ந்தே பேச்சின் போக்கைத் தீர்மானிக்கின்றன. ஆகவே அட்மின் உபதேசம் செய்து ஓய்வதைவிட, இந்த அமைப்பில் அங்கங்கே சிறு வேகத்தடைகளைப் போடுவது பலன் தரும்.

இது வெறும் ஊகமன்று. 2018 மே மாதத்தில் திருவண்ணாமலை மாவட்டம் போளூர் அருகே, குலதெய்வக் கோயிலைத் தேடி உறவினர்களோடு காரில் வந்த ஒரு மூதாட்டி, குழந்தைகளுக்கு மிட்டாய் கொடுத்ததற்காகப் பிள்ளை பிடிப்பவர் என்று சந்தேகிக்கப்பட்டு அடித்துக் கொல்லப்பட்டார். பிள்ளை பிடிக்கும் கும்பல் வந்திருப்பதாக வாட்ஸ்அப்பில் அப்போது சுற்றிவந்த செய்திகளே அந்தச் சந்தேகத்தை ஊட்டியிருந்தன. அதே ஆண்டு ஜூலை முதல் தேதி மகாராஷ்டிரத்தின் துலே மாவட்டத்தில் ஐந்து பேர் அதே புரளியால் மாண்டார்கள். அக்காலத்தில் பல மாநிலங்களில் பரவிய ஒரு காணொலி, பாகிஸ்தானின் கராச்சியில் குழந்தைப் பாதுகாப்புக்காக எடுக்கப்பட்ட விழிப்புணர்வுப் படம்; கடத்தியது போல நடித்தவர் குழந்தையைத் திருப்பி இறக்கிவிடும் கடைசிப் பகுதியை மட்டும் யாரோ வெட்டியிருந்தார்கள். அதன்பின் வாட்ஸ்அப் நிறுவனம் இந்தியாவில் ஒரு செய்தியை ஒரே நேரத்தில் ஐந்து அரட்டைகளுக்கு மேல் அனுப்ப முடியாதபடி செய்தது. 2019 ஜனவரியில் அதையே உலகம் முழுதும் நடைமுறைப்படுத்தியது. 2020 ஏப்ரலில், பலமுறை கைமாறிய செய்தியை ஒரு நேரத்தில் ஓர் அரட்டைக்கு மட்டுமே அனுப்பலாம் என்று மாற்றியபோது, அத்தகைய செய்திகளின் பரவல் 70 சதவீதம் குறைந்ததாக அந்நிறுவனமே தெரிவித்தது. யாரையும் திருத்தாமல், எதையும் தடைசெய்யாமல், அனுப்பும் வேலையைச் சற்றுக் கடினமாக்கியதால் மட்டும் விளைந்த மாற்றம் இது. உங்கள் தெருக் குழுவிலும் இதே வழி செல்லுபடியாகும்.

அறிவிப்பையும் அரட்டையையும் பிரியுங்கள்

முதல் வேலை, ஒரே குழுவை இரண்டாக்குவது. ஒன்றில் அட்மின்கள் மட்டுமே எழுத முடியும். மற்றொன்றில் எல்லாரும் எழுதலாம். குழு அமைப்புகளுக்குள் சென்று, செய்தி அனுப்பும் உரிமையை அட்மின்களுக்கு மட்டும் என மாற்றினால் முதல் குழு தயாராகிவிடும். 2022-இல் வந்த கம்யூனிட்டி வசதியைப் பயன்படுத்தினால் இரண்டையும் ஒரே கூரையின்கீழ் வைக்கலாம். அதிலுள்ள அறிவிப்புப் பகுதியில் ஓர் உறுப்பினரின் எண் மற்ற உறுப்பினர்களுக்குப் பொதுவாகத் தெரிவதில்லை என்பதால், தங்கள் எண் முன்பின் தெரியாத ஆண்களிடம் போய்விடுமோ என்று தயங்கும் பெண்களும் துணிந்து சேர்கிறார்கள். இந்த ஒரு காரணத்துக்காகவே அந்த வசதியை நான் பரிந்துரைப்பேன்.

அறிவிப்புக் குழுவில் வாரத்துக்கு நான்கைந்து செய்திகளுக்கு மேல் போகக்கூடாது. பெரும்பாலோர் குழுவை மியூட் செய்து வைத்திருப்பதற்குக் காரணம் அக்கறையின்மை என்று எண்ணிவிட வேண்டாம். நாற்பது வாழ்த்துப் படங்களுக்கு நடுவே குடிநீர்க் குழாய் உடைந்த செய்தியைத் தேடும் பொறுமை யாருக்கும் இருப்பதில்லை. அறிவிப்புக் குழு வறட்சியாக இருக்க வேண்டும். அங்கே போன் ஒலித்தால் ஏதோ காரணம் இருக்கிறது என்று உறுப்பினர்கள் பழக வேண்டும். பொங்கல் வாழ்த்துக்கூட அங்கே வேண்டாம் என்பதே என் கருத்து. சிலருக்கு வருத்தமாக இருக்கும். இரண்டு மாதத்தில் பழகிவிடும்.

அரட்டைக் குழுவிலோ கைகட்ட வைக்காதீர்கள். காலை வணக்கப் படங்களைக் கேலி செய்வது நம்மில் பலருக்கு வழக்கமாகிவிட்டது. ஆனால் தனியாக வாழும் எழுபது வயதுக்காரருக்கு அந்தப் படம், நான் எழுந்துவிட்டேன், நலமாக இருக்கிறேன் என்று தெருவுக்குத் தெரிவிக்கும் வழி. தினமும் ஆறு மணிக்குப் படம் போடுபவர் ஒருநாள் ஒன்பது மணி வரை போடாதிருந்தால், பக்கத்து வீட்டுக்காரர் கதவைத் தட்டிப் பார்க்கலாம். எழுதத் தெரியாதவர்களையும் தட்டச்சு செய்யக் கை வராதவர்களையும் குரல் பதிவுகள்தாம் உள்ளே கொண்டுவந்தன. அவற்றையும் தடுக்க வேண்டாம். ஒரு நிமிடத்துக்கு மேற்பட்ட குரல் பதிவு முக்கியமானதாக இருந்தால், அதன் சாரத்தை யாராவது இரண்டு வரியில் கீழே எழுதிவிடுவது எல்லாருக்கும் உதவும்.

யார் உள்ளே, யார் வெளியே

ஒரு குழுவில் 1024 பேர் வரை சேர்க்கலாம். தெருவுக்கு அது தாராளம். ஆயினும் பல தெருக் குழுக்கள் நடைமுறையில் வீட்டு உரிமையாளர்களின் குழுக்களாகவே இருக்கின்றன. வாடகைக்கு இருப்பவர்களுக்கு இணைப்பு அனுப்ப யாருக்கும் தோன்றுவதில்லை. அல்லது, தோன்றினாலும் அனுப்புவதில்லை. தெருமுனையில் இஸ்திரி வண்டி வைத்திருப்பவர், இரவுக் காவலாளி, வீட்டுவேலைக்கு வருபவர்கள் ஆகியோரைப் பற்றிக் குழுவில் அடிக்கடி பேசப்படுகிறது. அவர்கள் அதைப் படிக்க முடியாது, பதில் சொல்லவும் முடியாது. "நம் தெருவில் எல்லாருக்கும் சம்மதம்" என்று குழுவில் எழுதப்படும் ஒவ்வொரு முறையும், அந்த எல்லாரில் யார் இல்லை என்பதை அட்மின் மனத்தில் எண்ணிப் பார்க்க வேண்டும்.

நடைமுறையில் செய்யக்கூடியவை இவை. வாடகைதாரர்களை முதல் நாளே சேருங்கள். காலி செய்யும்போது விலகச் சொல்லுங்கள். புதியவர்களை அட்மின் ஒப்புதலுடன் மட்டுமே சேர்க்கும் அமைப்பை இயக்கி வையுங்கள். வீட்டு எண்ணைக் கேட்டு உறுதிசெய்த பிறகே அனுமதியுங்கள். ஸ்மார்ட்போன் இல்லாதவர்களின் பட்டியலைத் தயாரித்து, அறிவிப்பு வந்தால் அவர்களிடம் நேரில் சொல்ல ஒரு பக்கத்து வீட்டாரை நியமியுங்கள். தெருமுனையில் உள்ள கரும்பலகையைத் தயவுசெய்து கழற்றிவிடாதீர்கள். புதிதாகச் சேர்பவருக்குப் பழைய உரையாடல் தானாகத் தெரிவதில்லை என்பதால், குழுவின் விதிகளையும் முக்கிய எண்களையும் குழு விவரப் பகுதியில் எழுதி வையுங்கள். பத்து வரிக்கு மேல் எழுதினால் யாரும் படிக்க மாட்டார்கள்.

நாளை என்ற சொல்லைத் தடைசெய்யுங்கள்

இக்கையேட்டில் ஒன்றை மட்டும்தான் கடைப்பிடிக்க முடியும் என்றால், இதைக் கடைப்பிடியுங்கள். பின்வரும் செய்தியைப் பாருங்கள்.

"நாளை காலை முதல் மாலை வரை நம் ஏரியாவில் மின்தடை. அனைவருக்கும் பகிரவும்."

இதை எழுதியவர் நல்லெண்ணத்தோடு எழுதினார். எழுதிய நாளில் இது உண்மையாகவும் இருந்தது. ஆனால் ஃபார்வர்டு செய்யப்படும்போது, முதலில் எழுதியவரின் பெயரும் எழுதிய தேதியும் செய்தியோடு போவதில்லை. மூன்றாவது கையில் அது யாரோ சொன்ன செய்தியாகிவிடுகிறது. மறுநாள் படிப்பவருக்கு அதற்கும் மறுநாள் மின்தடை. நம் ஏரியா என்பது மடிப்பாக்கத்தில் எழுதப்பட்டு மேடவாக்கத்தில் படிக்கப்படுகிறது. யாரும் பொய் சொல்லவில்லை, ஆனாலும் செய்தி பொய்யாகிவிட்டது. அதே தகவலை இப்படி எழுதிப் பாருங்கள்.

"12.11.2025, புதன்கிழமை, காலை 9 மணி முதல் மதியம் 2 மணி வரை மின்தடை. நம் தெருவும் இரண்டாவது குறுக்குத் தெருவும் மட்டும். காரணம்: பராமரிப்புப் பணி. மின்வாரியப் பிரிவு அலுவலகத்தில் 11.11.2025 மாலை 4 மணிக்கு நேரில் கேட்டது. செயலாளர்."

இது எத்தனை கை மாறினாலும் பழையதாகுமே ஒழியப் பொய்யாகாது. தேதி, கிழமை, இடம், தகவல் வந்த வழி, சொன்னவர் ஆகிய ஐந்தும் இல்லாத செய்தியை அறிவிப்புக் குழுவில் ஏற்றுவதில்லை என்று முடிவெடுங்கள். தேதியோடு கிழமையையும் எழுதுவது வீண் வேலையாகத் தோன்றலாம். இரண்டும் ஒத்துப்போகாதபோது எழுதியவரின் தவறு உடனே தெரிந்துவிடும். திருமணப் பத்திரிகை அச்சிடுபவர்கள் இதை நெடுங்காலமாகச் செய்துவருகிறார்கள்.

இரத்தம் கேட்டு வரும் செய்திகளுக்கு இவ்விதி இன்னும் கண்டிப்பாகப் பொருந்தும். "ஓ நெகட்டிவ் அவசரம், குழந்தையின் உயிர், உடனே அழைக்கவும்" என்ற செய்திகள் ஆண்டுக்கணக்கில் சுற்றிக்கொண்டே இருக்கின்றன. நோயாளி வீடு திரும்பிய பிறகும், சில வேளைகளில் இறந்துபோன பிறகும், அந்தக் குடும்பத்தின் போன் ஒலித்துக்கொண்டே இருக்கும். இத்தகைய செய்தி வந்தால், பகிர்வதற்கு முன் அந்த எண்ணை அட்மின் ஒருமுறை அழைக்க வேண்டும். தேவை உண்மை என்றால், மருத்துவமனையின் பெயரையும் எந்த நாள் எத்தனை மணி வரை தேவை என்பதையும் சேர்த்துப் பகிர வேண்டும். தேவை தீர்ந்ததும், முதற்செய்திக்கே பதிலாக "இரத்தம் கிடைத்துவிட்டது, இனிப் பகிர வேண்டாம்" என்று எழுதி முடித்துவைக்க வேண்டும். தொடங்கிவைக்க ஆள் நிறையப் பேர் உண்டு. முடித்துவைக்க ஒருவரும் இருப்பதில்லை. அந்த ஒருவராக அட்மின் இருக்க வேண்டும்.

ஃபார்வர்டை எப்படிக் கையாள்வது

செய்தியின் மேல் இரட்டை அம்புக்குறி இருந்தால், அது ஐந்தோ அதற்கு மேலோ கை மாறி வந்திருக்கிறது என்று பொருள். இரட்டை அம்பு போட்ட எதுவும் நேரடியாகக் குழுவுக்கு வரக்கூடாது. பகிர விரும்புபவர் முதலில் அட்மினுக்குத் தனியாக அனுப்பட்டும் என்று விதி வையுங்கள். இதனால் பாதிச் செய்திகள் அங்கேயே நின்றுவிடும். சரிபார்த்து நிற்பவை சில. தனியாக அனுப்பும் சிரமத்துக்காகவே அனுப்பப்படாமல் நிற்பவை பல.

சரிபார்ப்பது பலர் நினைப்பதுபோல் பெரிய வித்தையன்று. மழைக்காலத்தில் அடிக்கடி வரும் "நாளை பள்ளிகளுக்கு விடுமுறை" என்ற செய்தியையே எடுத்துக்கொள்வோம். தொலைக்காட்சித் திரையின் படம் ஒன்று கூடவே வரும். அது உண்மையான சேனலின் உண்மையான திரைதான், ஆனால் போன ஆண்டினுடையது. மழை விடுமுறையை மாவட்ட ஆட்சியர்தான் அறிவிக்கிறார் என்பது தெரிந்தால், ஆட்சியரின் அதிகாரபூர்வப் பக்கத்தைத் திறந்து பார்ப்பதோடு வேலை முடிந்தது. மழை எவ்வளவு என்பதற்கு நுங்கம்பாக்கத்திலுள்ள மண்டல வானிலை மையத்தின் மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு எச்சரிக்கைகள் இருக்கின்றன. எந்தத் தகவலை யார் சொல்லும் அதிகாரம் பெற்றவர் என்று கேட்பதே சரிபார்ப்பில் முக்கால் பங்கு. படமோ காணொலியோ சந்தேகமாக இருந்தால், கூகுள் லென்ஸில் அதன் ஒரு காட்சியைக் கொடுத்து, முன்பு எங்கே வந்திருக்கிறது என்று தேடலாம். தமிழில் யூடர்ன் தளமும், மாநில அரசின் தகவல் சரிபார்ப்பகமும், மத்திய அரசின் பத்திரிகைத் தகவல் அலுவலகத்தின் (பிஐபி) சரிபார்ப்புப் பிரிவும் இருக்கின்றன. அரசு தன்னைப் பற்றிய செய்தியைத் தானே சரிபார்ப்பதில் உள்ள சங்கடத்தை நினைவில் வைத்துக்கொண்டு, ஒன்றுக்கு இரண்டாகப் பாருங்கள்.

ஒரு வதந்தி தெருவைத் தாண்டி என்ன செய்யும் என்பதை 2023 மார்ச்சில் தமிழ்நாடு நேராகக் கண்டது. பீகார்த் தொழிலாளர்கள் இங்கே தாக்கப்படுவதாகக் கூறிக் காணொலிகள் வட மாநிலங்களில் பரவின. அவற்றுள் சில வேறு மாநிலங்களில் நடந்த, இதனோடு தொடர்பே இல்லாத சம்பவங்களின் பதிவுகள். திருப்பூர், கோவைப் பகுதிகளில் வேலை செய்த தொழிலாளர்கள் அச்சத்தோடு ரயில் நிலையங்களுக்கு விரைந்தார்கள். தமிழ்நாட்டுக் காவல்துறை இந்தியிலேயே மறுப்பு வெளியிட வேண்டியிருந்தது. பீகார் அரசு அதிகாரிகள் குழுவை இங்கே அனுப்பிப் பார்த்தது. அந்தச் செய்திகள் பரவிய குழுக்களும் உங்கள் தெருக் குழுவைப் போன்றவைதாம்: உறவினர்கள், ஊர்க்காரர்கள், ஒருவர்மேல் ஒருவர் அக்கறை கொண்டவர்கள். தெரிந்தவர் அனுப்பினார் என்பதாலேயே நம்பினார்கள்; அக்கறை இருந்ததாலேயே உடனே அனுப்பினார்கள்.

தவறான செய்தி ஒன்றை மறுக்க நேர்ந்தால், அனுப்பியவரைச் சபையில் வைத்துத் திருத்தாதீர்கள். பெரியவர் ஒருவர் போட்டதை, "இது ஃபேக், பார்த்துப் போடுங்க" என்று இருபத்தைந்து வயதுப் பிள்ளை எழுதினால், அவர் செய்தியை விட்டுவிட்டுத் தம் மரியாதையைக் காக்கத் தொடங்கிவிடுவார். தனியாக அழைத்துச் சொல்லி, அவரையே மறுப்பு போடச் செய்யுங்கள். "நான் அனுப்பியது சரியில்லை என்று இப்போது தெரிந்தது, நீங்களும் யாருக்கும் அனுப்ப வேண்டாம்" என்று அவரே எழுதினால் அதற்கு இருக்கும் மதிப்பு எந்த அட்மினின் எச்சரிக்கைக்கும் இருக்காது.

புலம்பலைப் புகாராக்குங்கள்

குப்பைத்தொட்டி நிரம்பி வழிகிறது என்று ஒருவர் படத்தோடு எழுதுகிறார். பன்னிரண்டு பேர் கோபக் குறி போடுகிறார்கள். மாநகராட்சியைப் பற்றி நான்கு பேர் நறுக்கென்று எழுதுகிறார்கள். மாலைக்குள் எல்லாருக்கும் மனம் ஆறிவிடுகிறது. தொட்டி அப்படியே இருக்கிறது. இக்குழுக்கள் நம் பொதுவாழ்வில் செய்திருக்கும் மாற்றங்களில் இதையே நான் மிகவும் கவலைக்குரியதாகக் கருதுகிறேன். முன்பு ஆத்திரம் பொறுக்காமல் இரண்டு பேராவது வார்டு அலுவலகத்துக்கு நடந்து போவார்கள். இப்போது குழுவில் எழுதியதே போய்வந்தது போன்ற நிறைவைத் தந்துவிடுகிறது.

இதற்கு ஒரு நடைமுறை உண்டு. குழுவில் வரும் குறையை உரிய இடத்தில் பதிவு செய்து, புகார் எண்ணோடு திரும்பி வரும் வேலையை மாதம் ஒருவராக முறைவைத்துக் கொடுங்கள். சென்னை மாநகராட்சிக்கு 1913. மின்சாரத்துக்கு மின்வாரியத்தின் புகார் மையமான மின்னகத்தின் 94987 94987. புகார் எண்ணும் பதிவான தேதியும் அரட்டைக் குழுவில் போடப்பட வேண்டும். ஒரு வாரம் கழித்து அதே செய்திக்குப் பதிலாக நிலவரம் எழுதப்பட வேண்டும். கவுன்சிலரைக் குழுவில் சேர்க்கலாமா என்ற கேள்வி எல்லாத் தெருவிலும் எழும். சேர்க்க வேண்டாம் என்பது என் யோசனை. அவர் இருந்தால் சிலர் வாய் திறக்க மாட்டார்கள், சிலர் அவருக்காகவே பேசுவார்கள். மாதம் ஒருமுறை புகார் எண்களின் பட்டியலோடு அவரை நேரில் பார்ப்பதும், வார்டு மக்களின் பகுதி சபை கூடும்போது அங்கே அதை வைப்பதும் அதிகப் பலன் தரும்.

சண்டையும் அவமானமும்

ஒரு வீட்டுப் பெண் தெருமுனையில் குப்பை கொட்டுவதை யாரோ மாடியிலிருந்து படமெடுத்துக் குழுவில் போட்டுவிட்டார் என்று வைத்துக்கொள்வோம். செய்தது தவறுதான். ஆனால் இருநூறு போன்களில் முகம் தெரியும்படி நிற்பது அத்தவறுக்கேற்ற தண்டனையன்று. அந்தப் படம் தெருவோடு நிற்கும் என்பதற்கும் உறுதியில்லை. அட்மின் எந்த உறுப்பினரின் பதிவையும் அனைவருக்குமாக நீக்கலாம், உடனே நீக்கிவிடுங்கள். அதற்குள் யாராவது சேமித்திருந்தால் அந்தப் பிரதி அழியாது என்பதால் வேகம் முக்கியம். பிறகு படம் போட்டவருக்குத் தனியாக இப்படி எழுதலாம்: "சார், வணக்கம். நீங்கள் சொன்ன விஷயம் சரிதான். படத்தை மட்டும் எடுத்திருக்கிறேன், முகம் தெரிகிறது. அந்த வீட்டு அம்மாவிடம் சாயங்காலம் நானே பேசுகிறேன்." சொன்னபடி சாயங்காலம் போய்ப் பேசவும் வேண்டும். சிறுவர்களின் முகம் தெரியும் சிசிடிவி பதிவுகளுக்கும் இதுவே விதி.

இருவருக்குள் வார்த்தை தடித்தால், மூன்றாவது பதிலுக்குள் குழுவை அட்மின் மட்டும் எழுதும் நிலைக்கு மாற்றி, காலை வரை அப்படியே வையுங்கள். யாரையும் வெளியேற்ற வேண்டாம். வெளியேற்றப்பட்டவர் அதே தெருவில்தான் இருப்பார். இன்னொரு குழுவைத் தொடங்குவார். பிறகு தெருவுக்கு இரண்டு சங்கம்.

மரணச் செய்திக்குத் தனி விதி வேண்டும். குடும்பத்தார் சொல்லாமல் யாரும் போடக்கூடாது. வெளியூரில் இருக்கும் மகள் தந்தையின் இறப்பை உறவினர் வாயால் அறிவதற்கு முன், தெருக் குழுவின் அஞ்சலிப் படத்தில் பார்த்துவிடும் நிலை வரக்கூடாது.

மழைக்காலம்

2015 டிசம்பர் முதல் தேதி பெய்த மழையில், 1878-இல் தொடங்கப்பட்ட தி இந்து நாளிதழ் மறுநாள் சென்னையில் அச்சாகவில்லை; ஊழியர்களால் மறைமலைநகர் அச்சகத்துக்குப் போக முடியவில்லை. பத்திரிகை வராத அந்த நாள்களில், எந்த வீட்டு மாடியில் யார் சிக்கியிருக்கிறார்கள், எந்தக் கல்யாண மண்டபத்தில் சோறு கிடைக்கிறது என்பதையெல்லாம் ட்விட்டரும் வாட்ஸ்அப்பும் பொதுவில் திறந்துவைத்த கூகுள் பட்டியல்களும்தாம் சொல்லின. அதே வழியில்தான் முதலைப் பண்ணையிலிருந்து முதலைகள் தப்பிவிட்டன என்ற புரளியும், இன்னும் பெருமழை வரும் என்று நாசா எச்சரித்ததாக ஒரு பொய்ச் செய்தியும் வந்தன. உதவி போன பாதையிலேயே பீதியும் போனது.

ஆகவே அக்டோபர் மாதமே மழைக்கென்று தனிக்குழு ஒன்றைத் தொடங்கி, அதில் பேச வேண்டிய முறையை முன்கூட்டியே பழக்குங்கள். ஒவ்வொரு கோரிக்கையிலும் வீட்டு எண், எத்தனை பேர், அவர்களில் முதியவரோ கைக்குழந்தையோ உண்டா, என்ன தேவை, எழுதிய நேரம் ஆகியவை இருக்க வேண்டும். உதவி கிடைத்ததும் அதை எழுதிவிட வேண்டும். இல்லாவிட்டால் காலியான வீட்டுக்கே படகு மூன்று முறை வரும். அனுதாபமும் கைகூப்பும் குறியும் அங்கே வேண்டாம். மாநிலக் கட்டுப்பாட்டு அறையின் 1070, மாவட்டத்தின் 1077 ஆகிய எண்களைக் குழு விவரத்தில் எழுதுங்கள்.

அதோடு நிற்கவும் கூடாது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது, வேளச்சேரி, பள்ளிக்கரணை, முடிச்சூர் போன்ற பகுதிகளில் மின்சாரம் போனதோடு போன் சிக்னலும் போய்விட்டது. குழு மிகவும் தேவைப்படும் நேரத்தில்தான் அது வேலை செய்யாது என்று எண்ணியே திட்டமிட வேண்டும். தனியாக இருக்கும் முதியவர்கள், டயாலிசிஸ் செய்துகொள்பவர்கள், கர்ப்பிணிகள் உள்ள வீடுகளின் பட்டியலைத் தாளில் எழுதி மூன்று வீடுகளில் வையுங்கள். இந்தப் பட்டியல் குழுவில் ஒருபோதும் பகிரப்படக் கூடாது. எந்த வீட்டில் யார் தனியாக இருக்கிறார் என்பது திருடனுக்கும் பயன்படும் தகவல்.

சட்டமும் மோசடியும்

உறுப்பினர் ஒருவர் போட்ட பதிவுக்காக, வெறும் அட்மின் என்ற காரணத்தாலேயே ஒருவரைக் குற்றவாளியாக்க முடியாது என்று பம்பாய் உயர் நீதிமன்றத்தின் நாக்பூர் அமர்வும், சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையும் 2021-இலும், கேரள உயர் நீதிமன்றம் 2022-இலும் கூறியுள்ளன. அட்மின் அதற்கு உடந்தையாக இருந்தால் நிலைமை வேறு. ஃபார்வர்டு செய்பவருக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை: ஒரு செய்தியை அனுப்புவது அதை ஏற்றுக்கொண்டு ஆதரிப்பதற்குச் சமம் என்று சென்னை உயர் நீதிமன்றம் 2018-இல் ஒரு வழக்கில் தெளிவாகச் சொன்னது. "வந்ததை அப்படியே போட்டேன்" என்பது பதிலாகாது என்பதை விதிகளில் ஒரு வரியாகச் சேருங்கள்.

திருமண அழைப்பிதழ், வண்டி அபராதம், வங்கிச் சரிபார்ப்பு என்ற பெயர்களில் வரும் ஏபிகே கோப்புகளை (திறந்தால் போனில் செயலியை நிறுவுபவை) யாரும் திறக்கவோ பகிரவோ கூடாது. தெரிந்த உறுப்பினரின் எண்ணிலிருந்தே அது வரலாம். அவர் போன் ஏற்கெனவே பிறர் வசமாகியிருக்கும். பணம் போய்விட்டால் உடனே இணையக் குற்ற உதவி எண்ணான 1930-ஐ அழைக்க வேண்டும். கட்சிப் பிரசாரத்தைத் தேர்தல் காலத்தில் மட்டுமன்றி எப்போதுமே தவிர்க்கச் சொல்லலாம். ஆனால் அரசியலே பேசாதீர்கள் என்று சொல்ல முடியாது. மழைநீர் வடிகால் ஏன் நம் தெருவுக்கு வரவில்லை என்பதும் அரசியல்தான், அதைப் பேசத்தான் குழுவே இருக்கிறது.

பொறுப்பை ஒப்படைப்பது

அட்மின்கள் குறைந்தது மூவராக இருக்கட்டும். அவர்களில் ஒருவர் பெண்ணாகவும் ஒருவர் வாடகைக்கு இருப்பவராகவும் இருந்தால் நல்லது. ஒருவர் உறங்கும் நேரத்தில் இன்னொருவர் விழித்திருப்பார் என்பது மட்டும் இதற்குக் காரணமில்லை. எதை நீக்குவது, யாரை எச்சரிப்பது என்பதை ஒருவரே தீர்மானித்தால், என்றைக்காவது அவருடைய வண்டி நிறுத்தும் இடத்தைப் பற்றியே புகார் வரும். ஒரு பதிவை நீக்கினால், என்ன காரணத்துக்காக நீக்கினீர்கள் என்று ஒரு வரி எழுதிவிடுங்கள்.

சங்க நிர்வாகிகள் மாறும் ஆண்டுப் பொதுக்கூட்டத்திலேயே அட்மின்களும் மாறட்டும். பழையவர் புதியவரை அட்மினாக்கிய பின் தம் உரிமையை நீக்கிக்கொள்ள வேண்டும். கிடப்பிலுள்ள புகார் எண்கள், ஸ்மார்ட்போன் இல்லாத வீடுகளின் பட்டியல், மழைக்காலத் தாள் ஆகிய மூன்றையும் கையில் கொடுத்துவிட வேண்டும். வீட்டைக் காலி செய்தும் குழுவில் நீடிப்பவர்களை அன்றைக்கே, அவர்களுக்குச் சொல்லிவிட்டு, நீக்கிவிடலாம்.